வெங்காயத்துக்கு முன்னால் அங்கே என்ன நின்றது?

வீட்டுத்தோட்டம் போடுகிற யாரைக் கேட்டாலும் ஒரு ஜோடியைச் சொல்லிவிடுவார்கள்: கேரட்டும் வெங்காயமும். கேரட்டைத் தேடி வரும் ஈயை வெங்காய வாடை விரட்டும், வெங்காயத்தைத் தேடி வரும் ஈயைக் கேரட் வாடை விரட்டும், இரண்டையும் மாற்றி மாற்றி வரிசை போட்டால் மருந்தே வேண்டாம். வாட்ஸ்அப்பில் இந்தப் படம் அடிக்கடி சுற்றி வரும். எதற்குப் பக்கத்தில் எது ஆகும், எதற்கு எது ஆகாது என்று ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி கட்டம் போட்டிருக்கும்.

அந்த இரண்டு ஈக்களும் ஐரோப்பா, வட அமெரிக்கா மாதிரியான குளிர்நாட்டு ஈக்கள் என்பது கட்டத்தில் இருக்காது. கொடைக்கானல் டவுனைத் தாண்டி மேல்மலைப் பக்கமாக நாங்கள் இருக்கும் இந்தச் சரிவில் கேரட்டைக் கெடுப்பது மண்ணுக்குள் இருக்கும் வேர்முடிச்சு நூற்புழு. அதற்கு மிஞ்சியதை முள்ளம்பன்றி பார்த்துக்கொள்ளும். வெங்காயத்துக்கு வருபவை இலைப்பேன் என்ற பொடிப்பூச்சி, ஊதாப் புள்ளி என்ற இலைநோய், அடியழுகல். இவற்றில் எதுவும் பக்கத்து வரிசையின் வாடைக்குப் பயந்து ஓடுகிற ரகம் இல்லை. காட்டுமாடு வந்தால் கேரட் வரிசை, வெங்காய வரிசை என்று பார்த்தா மிதிக்கிறது?

அதற்காக ஊடுபயிர் வீண் என்று சொல்ல வரவில்லை. நானும் போடுகிறேன். ஆனால் வெங்காயத்துக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதைவிட, வெங்காயத்துக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன நின்றது என்பதுதான் இந்த மலையில் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. பக்கத்துச் செடியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முந்தின செடியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். முதலில் அந்தக் கட்டத்தை முடித்துவிடுகிறேன்.

கேரட்–வெங்காய ஜோடியை ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா விடவில்லை. இங்கிலாந்தில் நடந்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், கேரட்டுக்கு நடுவே வெங்காயம் போட்டபோது கேரட் ஈயின் தாக்குதல் குறைந்தது உண்மைதான். ஆனால் வெங்காயம் இலை விட்டு வளர்கிற வரைக்கும்தான் அந்தப் பலன். காய் பிடிக்கத் தொடங்கியதும் நின்றுவிட்டது. அதே ஆய்வில் நமக்கு உதவுகிற இன்னொரு சேதி உண்டு: கேரட் நடுவில் நின்ற வெங்காயத்தில் இலைப்பேனும் குறைவாக இருந்தது. அந்த ஈ நமக்கு இல்லை, இலைப்பேன் தாராளமாக இருக்கிறது. கட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் 2003-இல், ஸ்டான் பிஞ்ச், ரோஸ்மேரி காலியர் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர்கள் இருந்த குழு இன்னும் அடிமடியில் கை வைத்தது. வாடையுள்ள செடிகளும் வாடையே இல்லாத செடிகளும், களைகள் உட்பட, கோஸ் வேர் ஈயையும் வெங்காய ஈயையும் எந்த அளவுக்குக் குழப்புகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாடைச் செடிகள் எதிலும் உசத்தியாக இல்லை. அதற்கு முன்பே பச்சை அட்டையில் செய்த பொம்மைச் செடிகளை வைத்தும் கோஸ் ஈ ஏமாந்திருக்கிறது. பறந்து வரும் பூச்சி கீழே பச்சையாகத் தெரிகிற எதன் மேலும் உட்காரும். உட்கார்ந்த இலை தன் செடி இல்லை என்றால் எழுந்து போய் இன்னொன்றில் உட்காரும். முட்டையிடுவதற்குத் தன் செடியின் மேல் சில தடவையாவது அடுத்தடுத்து உட்கார வேண்டும். நடுவில் வேறு பச்சை இருந்தால் அந்தக் கணக்கு தப்பிப்போகிறது, அவ்வளவுதான். வெறும் மண்ணில் தனியாக நிற்கும் செடிதான் பூச்சிக்கு வசதி. அந்த வகையில், பாத்தி ஓரத்துக் கீரையும் கொத்தமல்லியும் செய்கிற வேலைக்குத் துளசியும் புதினாவும் கட்டாயம் இல்லை.

இலைப்பேனை நேரில் பார்க்காதவர்களுக்காக: மழை ஓய்ந்து பிப்ரவரி, மார்ச் வெயில் ஏறும்போது வெங்காயச் செடியின் நடுக்குருத்தை இரண்டு விரலால் மெதுவாகப் பிரியுங்கள். இலைகள் சேருகிற இடுக்கில், வெளிர் மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத குஞ்சுகள் வெளிச்சம் பட்டதும் இன்னும் உள்ளே இறங்கும். அந்த இடுக்குதான் அவற்றின் வீடு. மருந்து அங்கே போவதில்லை. மழை மட்டும் கொஞ்சம் போகும். அவை சுரண்டி உறிஞ்சின இடமெல்லாம் இலையில் வெள்ளி பூசின கோடுகளாகத் தெரியும். கோட்டின் மேல் மிளகுத்தூள் தூவின அளவுக்குக் கறுப்புப் புள்ளி இருந்தால் அது எச்சம். செடிக்கடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டினால் வளர்ந்த பேன்கள் தாளில் விழுந்து ஓடும். வெயில் நாளில் வாரம் ஒருமுறை இப்படித் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். கூட்டம் ஏறினால் மாலையில் பூவாளியால் மேலிருந்து நன்றாக அடித்து ஊற்றுவேன். பாத்தியில் வைக்கோலோ காய்ந்த புல்லோ மூடாக்குப் போட்டால் பேன் குறைகிறது. யூரியா அள்ளிப் போட்டால் ஏறுகிறது.

புனே பக்கத்தில் ராஜகுருநகரில் வெங்காயம், பூண்டுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி இயக்குநரகம் இருக்கிறது. வெங்காயம் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே நாற்புறமும் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்து வேலி எழுப்பினால் பறந்து வரும் பேன் அதில் தடுக்கும் என்பது அவர்கள் சிபாரிசு. சமவெளியில் ஏக்கர் கணக்கில் போடுகிறவர்களுக்கு நல்ல யோசனை. சரிவில் படிப்படியாக வெட்டின எங்கள் பாத்திகளில் படி ஒவ்வொன்றும் நாலைந்து அடி அகலம்தான். அதன் ஓரத்தில் மக்காச்சோளம் நின்றால் காலை வெயிலோ மாலை வெயிலோ ஒன்று போச்சு. மலையில் வெயிலே பாதி நாள்தான், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். அதனால் நான் மக்காச்சோளத்தை விட்டுவிட்டு விளிம்பில் கொத்தமல்லி தூவுகிறேன். பாதியைச் சமையலுக்குக் கிள்ளி, மீதியைப் பூக்க விடுகிறேன். பேனையும் அசுவினியையும் தின்கிற சின்னப் பூச்சிகள் அந்தப் பூவுக்கு வருகின்றன.

ஆக, வெங்காயத்துக்குப் பக்கத்தில் யார் என்றால் என் கேள்வி மூன்றே மூன்று: நிழல் கட்டுமா, வேரைக் கிளறுமா, தண்ணீர்த் தேவை ஒத்துவருமா? வெங்காய இலை நெட்டுக்குத்தாக நிற்கும். மண்ணை மூடாது. களையோடு போட்டி போடத் தெரியாத பயிர் அது. மேரக்காய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்தால் நிழலில் சோர்ந்துபோகும். உருளைக்குப் பக்கத்தில் வைத்தால் மண் அணைக்கும்போது பாதி புதையும், தோண்டும்போது மீதி பெயரும். பீட்ரூட், லெட்யூஸ், கேரட் மூன்றும் பிரச்சினை இல்லாத அண்டை வீட்டுக்காரர்கள். பீன்ஸும் வெங்காயமும் ஜென்மப் பகை என்று கட்டம் சொல்லும். கொடிபீன்ஸ் என்றால் நிழல் கட்டும், அதோடு அந்தப் பகையின் கதை முடிந்தது. செடிபீன்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் எனக்கு வருஷா வருஷம் வெங்காயம் நன்றாகவே வருகிறது.

இனி முந்தின பயிருக்கு வருகிறேன்.

வெங்காயச் செடி ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர் வெள்ளை நூல் நூலாக, கிளை அதிகம் பிரியாமல், மொட்டையாக இருக்கும். மற்ற செடிகளின் வேரில் இருக்கும் மெல்லிய தூவிகள் இதில் இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலான வேர் மேல்மண்ணின் ஒரு அடிக்குள்ளேயே நின்றுவிடும். இப்படி ஒரு வேரை வைத்துக்கொண்டு மண்ணில் இருக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, அது எப்படி எடுக்கிறது? கூலிக்கு ஆள் வைத்திருக்கிறது. வேருக்குள் குடியேறும் ஒரு வகைப் பூஞ்சையின் இழைகள் வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். வேளாண்மைத் துறையில் வேர் உட்பூசணம் என்று மூட்டையில் விற்பது இதைத்தான். இந்தக் கூட்டாளியை ரொம்பவும் நம்பியிருக்கும் காய்கறிகளில் வெங்காயம் முன்வரிசை.

எங்கள் மண்ணில் இது இன்னும் முக்கியம். மேல்மலை மண் புளித்த மண். என் தோட்டத்து மண்ணின் கார அமில நிலை (pH) 5-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. வெங்காயம் கேட்பது 6-க்கு மேல். புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் பெரும்பகுதி அங்கேயே கட்டுண்டு கிடக்கும். பூஞ்சை இல்லாத வெங்காயம் சாப்பாட்டை எதிரே வைத்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

இங்கேதான் முந்தின பயிர் வருகிறது. அந்தப் பூஞ்சைக்குச் செடியின் வேர் இல்லாமல் பிழைப்பு இல்லை. பீன்ஸ், பட்டாணி, மக்காச்சோளம், உருளை, கேரட் எல்லாம் அதற்கு இடம் கொடுக்கும். கோஸ் குடும்பம் இடம் கொடுக்காது: முட்டைகோஸ், காலிபிளவர், நூக்கல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எதுவும். பீட்ரூட்டும் பாலக்கீரையும் அப்படித்தான். ஆகவே கோஸ் எடுத்த கையோடு வெங்காயம் நட்டால், ஒரு போகம் முழுக்கப் பட்டினி கிடந்து மெலிந்த பூஞ்சை மறுபடி தலையெடுக்கும் வரை வெங்காயம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில், ஒரே விதைக்காயை, கோஸ் நின்ற படியிலும் பீன்ஸ் நின்ற படியிலும் நட்டு வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முதல் மாதம் கோஸ் படியில் இலை மெலிந்து, நுனி மங்கி, அப்படியே நிற்கும். பீன்ஸ் படியில் அதற்குள் இலை உருண்டு திரண்டிருக்கும். பின்னால் கோஸ் படி கொஞ்சம் எட்டிப் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு மாதம் காயின் பருமனில் தெரிந்துவிடும்.

பீன்ஸை எடுக்கும்போது வேரோடு பிடுங்காமல், தண்டை மண்ணோடு அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுகிறேன். வேரில் தொங்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிற முடிச்சு, தழைச்சத்து (நைட்ரஜன்) பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெங்காயத்துக்குத் தழைச்சத்து ஆரம்பத்தில் வேண்டும், கடைசியில் வேண்டாம். கடைசியில் மிஞ்சினால் கழுத்து தடித்து, மூடாமல், காய் பரணில் அழுகும். பீன்ஸ் வேர் மக்கிக் கொடுப்பது அநேகமாகச் சரியான சமயத்துக்குத்தான் அமைகிறது. புதுச் சாணி எரு அப்படி இல்லை. அதைக் கோஸுக்குப் போட வேண்டும், வெங்காயத்துக்கு நேராகப் போடக் கூடாது.

சுண்ணாம்பையும் இந்த வரிசையில்தான் நுழைக்க வேண்டியிருக்கிறது. உருளைக்கு முன்னால் சுண்ணாம்பு போட்டால் கிழங்கின் தோலில் சொறி விழும். உருளை எடுத்த பிறகு போட்டால் அடுத்து வரும் கோஸுக்கு நல்லது. ஏனென்றால் கோஸ் வேரைக் கட்டி கட்டியாக வீங்க வைக்கும் நோய்க்குப் புளித்த மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணோடு கலந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். அது அடங்கி, நடுவில் பீன்ஸோ பட்டாணியோ ஒரு போகம் வந்து, அப்புறம் வெங்காயம் வரும்போது மண் அதற்கு ஏற்ற நிலைக்கு வந்திருக்கும். உருளை, சுண்ணாம்போடு கோஸ், பீன்ஸ் அல்லது பட்டாணி, வெங்காயம் அல்லது பூண்டு, கடைசியில் எரு போடாத மண்ணை விரும்பும் கேரட். என் படிகளில் ஓடுகிற வரிசை இதுதான். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டால் பதில் உண்டு. அதனால்தான் எனக்கு இது பொருத்தக் கட்டத்தைவிடப் பிடித்திருக்கிறது.

சுழற்சி என்ற சமாச்சாரம் மலைக்காரர்களுக்குப் புதுசு இல்லை, அதைக் கற்றுக்கொடுத்தது உருளை. 1961-இல் நீலகிரியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னால் நம் பழனி மலையிலும் தெரிய வந்தது. பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே தோல் தடித்து, குண்டூசித் தலையளவு பழுப்புக் கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டை. உருளையின் வேர்க்கசிவு படுகிற வரை அந்த முட்டைகள் பொரிக்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும். இருபது வருஷம்கூடக் கிடக்கும். எதிர்ப்புத் திறனுள்ள ரகம் என்று குஃப்ரி ஸ்வர்ணாவை 1985-இல் வெளியிட்டார்கள். அதோடு உருளைக்கு நடுவே பூண்டு, கேரட், கோஸ், பீன்ஸ் என்று அந்தப் புழு சீண்டாத பயிர்களை மாற்றிப் போடச் சொன்னார்கள். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி என்ற மேல்மலை ஊர்கள் பக்கத்தில் பூண்டும் உருளையும் மாறி மாறி வருவதில் இந்த நியாயமும் கலந்திருக்கிறது. பூண்டு நிற்கும்போது உருளைப் புழு பட்டினி. உருளை நிற்கும்போது பூண்டின் நோய்கள் பட்டினி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு தனியாக அந்தப் பெயரை வாங்கவில்லை, முன்னும் பின்னும் நின்ற உருளைக்கும் பட்டாணிக்கும் அதில் பங்கு உண்டு.

வெங்காயக் குடும்பத்துக்கும் இதே மாதிரி காத்துக் கிடக்கும் எதிரி ஒன்று இருக்கிறது. வெள்ளை அழுகல் என்பார்கள். குளிர்ந்த மண்ணின் நோய். கசகசா அளவுக் கறுப்பு உருண்டைகளாக மண்ணில் இருபது வருஷம் வரை உறங்கும். வெங்காயம், பூண்டு வேரிலிருந்து வரும் கந்தக வாடை பட்டால்தான் விழிக்கும். வெளிநாட்டில் சிலர் இதை வைத்தே அதற்குப் போக்குக் காட்டுகிறார்கள்: வெங்காயம் நடாத வயலில் பூண்டின் வாடைச் சரக்கை மண்ணில் செலுத்தி, உருண்டைகளை எழுப்பிவிட்டு, தின்ன ஒன்றும் கொடுக்காமல் சாகடிப்பது. எழுப்பிவிட்டுப் பந்தி போடாமல் விடுவது கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுத்தோட்டத்துக்கு அதெல்லாம் வேண்டாம். சந்தையில் வாங்கின வெளிமாநிலப் பூண்டை விதைக்கு நடாமல் இருந்தாலே பெரிய பாதுகாப்பு. சமையலுக்கு எது வேண்டுமானாலும் வரட்டும். மண்ணுக்குள் போவது நம் பரணில் புகை குடித்த பூண்டாக, அல்லது தெரிந்தவர் தோட்டத்துப் பூண்டாக இருக்கட்டும்.

அடியழுகல் நமக்குப் பழக்கமானது. இலை நுனியிலிருந்து மஞ்சளாகும், தொட்டு இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். திருப்பிப் பார்த்தால் வேர் இருந்த அடித்தட்டு கருகி, மேலே வெள்ளையும் ரோஸும் கலந்த பூசணம் படர்ந்திருக்கும். இதுவும் மண்ணில் தங்கும். அதனால் வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, லீக்ஸ், தாளுக்காகப் போடும் வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே ஆளாக எண்ணி, ஒரு படியில் ஒன்று வந்தால் அடுத்த மூன்று நான்கு வருஷம் அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் அங்கே வரக் கூடாது என்று வைத்திருக்கிறேன். போன தடவை பூண்டுதானே, இந்தத் தடவை வெங்காயம் வைக்கலாம் என்பது சுழற்சி இல்லை.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். சரிவுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் பூம்பாறையில் பிறந்து பக்கத்து வீட்டுக்கு வாழ வந்த பெரியம்மா. சுழற்சியை நோட்டில் வட்டமாகப் போட்டு அம்புக்குறி வைத்து அவரிடம் காட்டினேன். முதல்படி, இரண்டாம்படி, மூன்றாம்படி என்று மேலிருந்து கீழே வெங்காயமும் பூண்டும் இறங்கி வந்தன.

"ஏத்தா, பூண்டை எதுக்குக் கீழ எறக்குற?"

"ஏன் பெரியம்மா, இடம் மாறுதுல்ல?"

"எடம் மாறுது. மண்ணு மாறலையே தாயி. மேல்படி மண்ணு ஐப்பசி மழைக்கு எங்க போகும்? கீழ்ப்படிக்குத்தான். போன வருசத்துச் சீக்கு ஒனக்கு முன்னால அங்க போயி ஒக்காந்திருக்கும். மேலேத்தியே கொண்டு போ."

அவ்வளவுதான். சமவெளியில் போட்ட வட்டம் சரிவில் ஏணியாகிவிடுகிறது. அடியழுகல் பூசணமும் நூற்புழுவும் தானாக நடந்து போவது கொஞ்ச தூரம்தான். மழைத்தண்ணீரோடும் மண்ணோடும் போவது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். ஆகவே இந்த வருஷம் வெங்காயம் நின்ற படிக்கு நேர் மேலே இருப்பது அடுத்த வெங்காயத்துக்கு. உச்சிப்படியை எட்டிவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. மறுபடி அடிப்படிக்கு வந்துதான் ஆக வேண்டும். அதற்குள் அடிப்படியில் வெங்காயம் நின்று பல வருஷம் ஆகியிருக்கும். ஆனால் மேலே நேற்று நின்ற வெங்காயத்தின் மண் அங்கேதானே வரும்? அதனால் ஒவ்வொரு படியின் உள்பக்கத்திலும், சுவரை ஒட்டி, ஒரு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைப் படிப்படியாக இறங்க விடாமல் பக்கவாட்டு ஓடைக்குத் திருப்பிவிட்டோம். வாய்க்காலில் சேரும் வண்டலை அள்ளி மறுபடி பாத்தியில் போடுவது ஊர் வழக்கம். நான் அதை ஆரஞ்சு மரத்தடியில் கொட்டுகிறேன். மண்வெட்டியும் இதே மாதிரி ஒரு வாகனம்தான். மேல்படியில் தொடங்கிக் கீழே வருவதற்குப் பதிலாக, வெங்காயம் இல்லாத படிகளில் வேலையை முடித்துக் கடைசியில் வெங்காயப் படிக்குப் போவது எங்கள் வீட்டுச் சட்டம்.

செண்டுமல்லியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். நூற்புழுவை அடக்கும் சரக்கு அதன் வேரில் இருப்பது உண்மை. ஆனால் அது வேலை செய்வது அந்த வேர் இறங்கின மண்ணில்தான். பாத்தி மூலைக்கு ஒன்று என்று அழகுக்கு நட்டால் அந்த மூலைக்கு மட்டும் பலன். எல்லா வகை நூற்புழுவும் அதற்கு அடங்குவதும் இல்லை. பலன் வேண்டும் என்றால் படி முழுக்க நெருக்கி நட்டு, இரண்டு மூன்று மாதம் நிற்க விட்டு, பூப்பறித்து, செடியை அங்கேயே மடக்கி உழ வேண்டும். அப்படிச் செய்தால் அது துணைப்பயிர் இல்லை, முந்தின பயிர். துணைப்பயிர்களிலேயே பெரிய பெயர் எடுத்ததும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்து நிற்கிறது.

ஒரு படி எவ்வளவு காலம் அடைபடும் என்று தெரியாமல் சுழற்சி எழுத முடியாது. சின்ன வெங்காயம் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் 70 நாளில் வந்துவிடும். மேலே குளிரில் இழுத்துக்கொண்டு போகும். பூண்டு நாலரை மாதம். இங்கே மே மாதத்திலும் நவம்பரிலுமாக இரண்டு போகம் நடுகிறார்கள். பெரிய வெங்காயம், அதாவது பெல்லாரி, நாற்றிலிருந்து நாலு மாதத்துக்கு மேல். பெரிய வெங்காய விதை வாங்கும்போது ஜாக்கிரதை. வெளிநாட்டு விதைப் பொட்டலத்தில் அழகான மஞ்சள் வெங்காயம் இருக்கும். அவற்றில் பல, பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் காய் பிடிக்கும். கொடைக்கானலில் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி, ஜூனில் பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. அந்த விதை இங்கே ஆயுசுக்கும் தாள்தான் கொடுக்கும். குறைந்த பகலில் காய் பிடிக்கும் நம் நாட்டு ரகங்களே போதும்.

குளிர் இன்னொரு வேலை செய்யும். வெங்காயம் இரண்டு வருஷச் செடி. ஓரளவு பருத்த செடி தொடர்ந்து குளிர் ராத்திரிகளைப் பார்த்தால் ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பூத்தண்டு விட்டுவிடும். தண்டு வந்த காய் நடுவில் கட்டையாகி, பரணில் தங்காது. அதனால் விதைக்காயில் பருத்ததை ஒதுக்கிவிட்டுச் சிறியதை நடுகிறேன். டிசம்பர், ஜனவரி உறைபனி விலகினதும் நட்டு, மே மழைக்குள் எடுக்கப் பார்க்கிறேன். பேன் காலம் நடுவில் வரும் என்பது தெரிந்தே செய்கிறதுதான். ஐப்பசி அடைமழையில் நட்டால் பேன் இருக்காது, ஊதாப் புள்ளி இருக்கும். இரண்டில் பேனைச் சமாளிப்பது எனக்குச் சுலபம்.

இத்தனை ஒழுங்கிலும் அடங்காதது லீக்ஸ். ஆறு மாதம் நிற்கும், இரண்டு போகத்தை விழுங்கும், எந்தப் படியில் வைத்தாலும் அந்தப் படியின் வெங்காயக் கணக்கைக் கெடுக்கும். வீட்டில் அவருக்கு லீக்ஸ் சூப் இல்லாமல் மழைக்காலம் நகராது. "தாளு தின்ன ஒரு படியா?" என்று பெரியம்மா கேட்கிறார், நியாயம்தான். இந்த முறை ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியில் மண் நிரப்பி, வாசல் பக்கம் வெயில் விழுகிற இடத்தில் வைத்து, லீக்ஸ் முழுவதையும் அதில் நட்டாயிற்று. படிகளின் கணக்கில் அது வராது. அறுவடை முடிந்ததும் அந்தத் தொட்டி மண்ணை எங்கே கொட்டுவது என்று இப்போதே பஞ்சாயத்து நடக்கிறது. உச்சிப்படி என்கிறார் அவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்கிறார் பெரியம்மா.